அம்மாவின் கால் மிஷின் ஏன் திருப்பிச் சுற்றியது

போன தை மாதம் அம்மாவின் தையல் மிஷினில் இருந்த மோட்டார் புகைந்துவிட்டது. வேறு மோட்டார் வாங்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாங் கண்ணு, அதைக் கழட்டிப் போடு. பெல்ட்டை மாட்டிக் குடு, முன்ன மாதிரி காலிலேயே ஓட்டிக்கிறேன்" என்றார். முப்பது வருடம் அந்த மிஷினை மிதித்து, ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தவர். மோட்டார் வந்தது கடைசி ஆறு வருடமாகத்தான். அதனால் இது அரை மணி நேர வேலை என்று நினைத்து மோட்டாரைக் கழற்றினேன், பரணில் கிடந்த பழைய தோல் பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினேன்.

அம்மா உட்கார்ந்து மிதித்தார். நாலைந்து தையல் விழுந்தது, சக்கரம் தயங்கியது, நின்றது. மறுபடி மிதித்ததும் திருப்பிச் சுற்றியது. மேல் சக்கரம் நம்மை நோக்கிச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அடியில் நூல் கொத்தாகச் சிக்கி அறுந்துவிடும். அறுந்தது. மறுபடி நூல் கோத்தார், மறுபடி அறுந்தது. நான்காவது முறை அம்மா எழுந்துவிட்டார். "மிஷினு மேல தப்பில்ல. என் காலுல வலுவு போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தினமும் இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வருகிறவருக்குக் காலில் வலு இல்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். முதல் பாடமே இயக்க விதிகள். அதில் நிலைமம் வரும், ஒரு பொருள் தான் இருக்கும் நிலையை மாற்ற மறுக்கும் குணம். ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என்று மூன்றையும் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நானும் பஸ் பிரேக், ஓடும் மின்விசிறி, உலுக்கிய மாமரம் என்று அதே உதாரணங்களைத்தான் சொல்லி வந்தேன். இந்த மிஷினைப் பிரித்த பிறகு நான் பாடம் எடுக்கும் முறையே மாறிவிட்டது.

கால் மிஷினைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கீழே மிதிப்பலகை. அதன் நடுவில் அச்சு. முன்பாதத்தை அழுத்தினால் ஒரு பக்கம் தாழும், குதிகாலை அழுத்தினால் மறுபக்கம் தாழும். பலகையிலிருந்து ஒரு ராடு எழுந்து பெரிய இரும்புச் சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்திருக்கும். பலகை ஆடுவது அங்கே சுழற்சியாக மாறும். பெரிய சக்கரத்திலிருந்து பெல்ட் மேலே போய், மிஷின் தலையின் வலப்பக்கம் இருக்கும் சிறிய கைச் சக்கரத்தைச் சுற்றும். அதுதான் ஊசியை ஓட்டுகிறது.

இந்த அமைப்பில் ஒரு பலவீனம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் ராடு, அது பிடித்திருக்கும் முனை, சக்கரத்தின் மையம் மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அந்த இடத்தில் எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் திரும்பாது, விசை நேராக அச்சுக்குள் போய்விடும். சைக்கிளில் ஒரு பெடல் நேர் மேலேயும் மற்றது நேர் கீழேயும் இருக்கும்போது மிதித்துப் பாருங்கள், அதே கதைதான். அந்த இடத்திலிருந்து சக்கரம் எந்தப் பக்கமும் போகலாம். சரியான பக்கமாக அதைத் தாண்டவைப்பது கால் அல்ல. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம், தொடர்ந்து சுற்றும் தன்மையால் தானே தாண்டுகிறது. ஓய்விலிருந்து கிளப்பும்போது தையல்காரர்கள் எல்லாரும் கைச் சக்கரத்தைத் தம் பக்கமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மிதிப்பார்கள். அதுவும் இதற்காகத்தான்.

ஆக, நோயின் பெயர் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது: சக்கரம் அந்த இரண்டு இடங்களைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்பதுதான் கேள்வி. என் முதல் சந்தேகம் உராய்வு.

முதல் ஞாயிறு காலையில் ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு, ராடையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரத்தை மட்டும் கையால் சுற்றிவிட்டேன். நொடிக்கு இரண்டு சுற்று வருமாறு பார்த்துவிட்டு, கைப்பேசியில் நேரம் பிடித்தேன். 9 நொடியில் நின்றுவிட்டது. இரும்புச் சக்கரம் இப்படி நிற்கக் கூடாது.

அச்சைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே சைக்கிள் முன்சக்கரத்தில் இருப்பதைப் போலவே கோன் என்கிற கூம்பு வடிவத் திருகும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளும். அவற்றின் மேல் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒரு பூச்சு. முகர்ந்து பார்த்தேன், காறல் வாடை. தேங்காய் எண்ணெய்! மிஷின் எண்ணெய் தீர்ந்துபோன நாளெல்லாம் வீட்டில் யாரோ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையே விட்டிருக்கிறார்கள். காற்றுப் பட்டுப் பட்டு அது கெட்டியாகிப் பசையாகிவிட்டது. மிஷினுக்கு எந்தக் காரணத்துக்காகவும் சமையல் எண்ணெயோ தலைக்கு வைக்கும் எண்ணெயோ விடாதீர்கள். வெள்ளையாக, தண்ணீர் போல இருக்கும் மிஷின் எண்ணெய் மட்டும்தான்.

அந்தக் கோன் துருவில் இறுகியிருந்ததால் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. தட்டத் தட்டச் சுத்தியலின் தலையே காம்பில் ஆட ஆரம்பித்தது. கழன்று முகத்தில் அடித்துவிடுமோ என்று நிறுத்திவிட்டு, தலை மேலே இருக்கும்படி பிடித்துக் காம்பின் அடியை வாசல் கல்லில் நாலு குத்துக் குத்தினேன். காம்பு கல்லில் பட்டு நிற்கிறது. தலை நிற்காமல் கீழே வந்த வேகத்திலேயே இன்னும் இறங்கிக் காம்பில் இறுகுகிறது. இயக்கத்தில் நிலைமம். மண்வெட்டி, கோடாலி எல்லாவற்றுக்கும் ஊரில் இதைத்தான் செய்வார்கள். அப்போது எங்கள் தெரு ஆசாரி அண்ணன் செய்வது நினைவுக்கு வந்தது. அவர் கல்லில் குத்தமாட்டார். சுத்தியலைத் தலைகீழாக அந்தரத்தில் தொங்கவிட்டுப் பிடித்து, மேலே வரும் காம்பின் நுனியை மரக்கட்டையால் அடிப்பார். தலை எதிலும் தாங்காமல் காற்றில்தான் தொங்கும். ஆனாலும் காம்பு தலைக்குள் இறங்கும். இங்கே தலை ஓய்வில் இருக்கிறது, ஓய்விலேயே இருக்கப் பார்க்கிறது, காம்பு அதற்குள் புகுந்துவிடுகிறது. இது ஓய்வில் நிலைமம்.

இரண்டு முறையிலும் விளைவு ஒன்றே. முதலில் ஓடும் தலையை நிறுத்த முடியவில்லை. இரண்டாவதில் நிற்கும் தலையை ஓடவைக்க முடியவில்லை. இரும்புத் தலையின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பிடிவாதம்: என் வேகத்தை மாற்றாதே. பாடத்தில் இரண்டு தலைப்பாகப் பிரித்திருப்பது நமக்குப் புரிவதற்காக. பொருளுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. பல வருடம் பாடம் சொன்ன எனக்கு இது கையில் சுத்தியலோடு வாசலில் நின்றபோதுதான் முழுதாக உறைத்தது.

குண்டுகளையும் கோனையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைத்து மாட்டினேன். அதே வேகத்தில் சுற்றிவிட்டேன். 23 நொடி. இரண்டு குண்டுகள் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தன. சைக்கிள் கடையில் அதே அளவில் புதிதாக ஒரு செட் வாங்கிப் போட்டு, கிரீஸ் தடவி, கோனை ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் வைத்தேன். இரண்டுக்கும் நடுவே கோனைத் திருகுவதில் இருக்கும் அந்தக் கால்வாசிச் சுற்று வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. பிறகு 41 நொடி.

9, 23, 41. இந்த மூன்று எண்களையும் சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்ட வேகம் ஒன்றுதான், சக்கரமும் அதேதான். நான் கூட்டியது எதுவும் இல்லை, தடையைத்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்க அது நீண்ட நேரம் ஓடுகிறது. எல்லாத் தடையையும் எடுத்துவிட்டால்? நிற்பதற்குக் காரணமே இருக்காது. நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் கலிலியோ இதே வழியில்தான் யோசித்தார். ஒரு சரிவில் உருட்டிவிட்ட குண்டு எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச் சரிவைச் சாய்க்கச் சாய்க்க அந்த உயரத்தைத் தொட இன்னும் தூரம் ஓடும். சரிவே இல்லாமல் சமதளமாக்கிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுவதற்குத்தான் காரணம் வேண்டும், நிற்பது இயல்பு என்று அதுவரை உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. நிற்பதற்கும் காரணம் வேண்டும் என்று திருப்பிப் போட்டது அந்தச் சிந்தனை. 1687இல் நியூட்டன் அதை முதல் விதியாக எழுதினார்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் 'இனர்ஷியா' என்ற சொல் லத்தீனில் சோம்பல், செயலற்ற தன்மை என்று பொருள்படுவது. இதை இயற்பியலுக்குள் கொண்டுவந்த வானியலாளர் கெப்ளர், பொருள்கள் அசைய மறுக்கும் சோம்பலைத்தான் குறித்தார். ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் என்ற மறுபாதி அவருடைய சொல்லில் இல்லை. நம் பாடநூலின் 'நிலைமம்' எனக்கு அதைவிடப் பிடிக்கும். இருக்கும் நிலையிலேயே இருப்பது, அது ஓய்வானாலும் ஓட்டமானாலும். இலங்கையில் 'சடத்துவம்' என்பார்கள். சடப்பொருளின் குணம் என்று அது இன்னொரு பக்கத்தைத் தொடுகிறது.

மதியத்துக்கு மேல் மிஷின் தலைக்கு வந்தேன். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, ஓட்டி, வழிந்த அழுக்கைத் துடைத்து, நல்ல எண்ணெய் விட்டேன். துணியை நகர்த்தும் பல் வரிசைக்கு அடியில் பஞ்சும் நூல் துணுக்கும் மெத்தை மாதிரி அடைந்திருந்தன. பழைய பெல்ட் காய்ந்து வெடித்திருந்ததால் புதுத் தோல் பெல்ட் வாங்கி, அளந்து வெட்டி, ஊசியால் துளையிட்டு, கம்பிக் கொக்கி போட்டுக் குறட்டால் அழுத்தினேன். பெல்ட்டை வீணை நரம்பு போல இழுத்துக் கட்டக் கூடாது, அப்படிக் கட்டினால் சம்பாதித்த 41 நொடியும் போய்விடும். நழுவாத அளவுக்கு இருந்தால் போதும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். ஒற்றைத் துணியில் ஓடியது. அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்திருந்த ஜீன்ஸ் பேண்டை மடித்து வைத்துத் தைக்கப் போனார். தடித்த மடிப்பு வந்ததும் சக்கரம் தயங்கியது, நின்றது, திருப்பிச் சுற்றியது. நூல் அறுந்தது.

அம்மா இந்த முறை எழவில்லை. கைச் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார். "கண்ணு, இது என் சக்கரமே இல்ல. என் சக்கரம் கைய வெச்சா கையை இழுத்துட்டுப் போகும். இது காத்தாட்டம் இருக்குது" என்றார்.

நான் திகைத்துப்போனேன். ஆறு வருடத்துக்கு முன் மோட்டார் பொருத்த வந்த மெக்கானிக், பழைய இரும்புக் கைச் சக்கரம் விளிம்பில் உடைந்திருக்கிறது என்று சொல்லி ஒரு அலுமினியச் சக்கரத்தை மாட்டிவிட்டுப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பார்க்கப் பளபளவென்று அழகாக இருந்தது. மோட்டார் சுற்று முழுவதும் விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் இலேசான சக்கரத்தோடு ஒரு குறையும் தெரியவில்லை. காலுக்கு வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. நான் ஒரு ஞாயிறு முழுக்க உராய்வைத் துரத்திக்கொண்டிருந்தேன், அம்மாவின் உள்ளங்கை ஒரு நிமிடத்தில் நிலைமத்தைப் பிடித்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு ஈரோட்டுக்குப் போனேன். பழைய மிஷின்களைப் பிரித்து உதிரியாக விற்கும் கடையில், அதே அச்சளவுள்ள வார்ப்பிரும்புக் கைச் சக்கரம் ஒன்று கிடைத்தது. 250 ரூபாய். வரும் வழியில் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 1 கிலோ 100 கிராம். அலுமினியம் 350 கிராம். கீழே உள்ள பெரிய சக்கரத்தை முந்தைய வாரமே கழற்றி நிறுத்திருந்தேன், 3 கிலோ 600 கிராம். கீழே மூன்றரை கிலோவுக்கு மேல் இரும்பு சுற்றும்போது மேலே முக்கால் கிலோ குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? எனக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் மாட்டுவதற்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சுழலும் பொருளுக்கு நிறை மட்டும் கணக்கல்ல, அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கு. தூரத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். இந்தச் சக்கரங்களில் எடையில் பெரும்பங்கு விளிம்பில்தான் இருக்கிறது. முழு எடையையும் விளிம்பில் வைத்துக் கணக்கிட்டால் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும், ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பெரிய சக்கரத்தின் விளிம்பு அச்சிலிருந்து 15 செ.மீ. கைச் சக்கரத்தின் விளிம்பு 6.5 செ.மீ. பெரியதற்கு 0.081, இரும்புக் கைச் சக்கரத்துக்கு 0.0046, அலுமினியத்துக்கு 0.0015 என்று வந்தது. அலகு கிலோகிராம் மீட்டர் இருமடி. இப்படிப் பார்த்தால் கைச் சக்கரம் ஒரு பொருட்டே இல்லை போலத் தோன்றும்.

ஆனால் பெல்ட் ஓடும் பள்ளத்தின் விட்டத்தைப் பாருங்கள். கீழே 31 செ.மீ., மேலே 7.5 செ.மீ. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கைச் சக்கரம் நான்கு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றிவிடும். சுழலும் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறும். நாலு மடங்கு வேகம் என்றால் பதினாறு மடங்குக்கும் மேல். அம்மா நொடிக்கு இரண்டு மிதி வேகத்தில் ஓட்டும்போது பெரிய சக்கரத்தில் ஆறு ஜூலுக்குக் கொஞ்சம் மேல் ஆற்றல். அதே நேரத்தில் அந்தச் சின்ன இரும்புச் சக்கரத்திலும் ஏறக்குறைய அதே ஆறு ஜூல்! அலுமினியத்தில் இரண்டு ஜூல்தான். அந்தப் பளபளப்புச் சக்கரம் மிஷினின் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டிருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நாந்தான் அன்னைக்கே சொன்னனே" என்றார்.

இதையொட்டி, பிள்ளைகள் அடிக்கடி தவறாக எழுதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓடும் பொருளுக்கு நிலைமம் அதிகம் என்று எழுதுவார்கள். இல்லை. சக்கரம் நின்றாலும் ஓடினாலும் அதன் நிலைமம் ஒன்றுதான். வேகத்தோடு ஏறுவது அதில் சேரும் ஆற்றல். அம்மா மெதுவாக, நொடிக்கு ஒரு மிதி என்று ஓட்டினால் சேமிப்பு பாதியாகாது, கால் பங்காகிவிடும். தடித்த மடிப்பைக் கண்டதும் பயந்து வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் மிஷின் நின்றுபோனதற்குக் காரணம் அதுதான்.

கைச் சக்கரத்தை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவில் உள்ள திருகு மூடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தினால்தான் மூடி முழுதாகக் கழன்று வரும். மூடிக்கு அடியில் காது வைத்த ஒரு வாஷர் இருக்கும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் சக்கரம் மட்டும் தனியே சுற்றுவதற்கான ஏற்பாடு அது. எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்துவையுங்கள். நான் எடுக்கவில்லை. திருப்பிப் போட்டுவிட்டு, மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஊசி அசையவில்லையே என்று அரை மணி நேரம் போனது.

சக்கரம் அச்சில் உட்காரும் இடத்தில் எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டுவிட்டேன். வேகமாக ஓட்டியதும் எண்ணெய் விளிம்புக்கு வந்து தெறித்தது. மிஷினுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில், சக்கரத்துக்கு நேராக, மேலும் கீழுமாக ஒரே வரிசையில் புள்ளிகள். மறுநாள் டியூஷன் பிள்ளைகளைக் கூட்டி வந்து அதைக் காட்டி, எண்ணெய் சக்கரத்தைவிட்டு எந்தப் பக்கம் கிளம்பியிருக்கும் என்று கேட்டேன். மையத்திலிருந்து நேர் வெளியே என்றார்கள் எல்லாரும். ஒரு பையன் மட்டும், அவங்க அப்பா சைக்கிளில் சாணைக்கல் வைத்துக் கத்தி தீட்டுகிறவர், "இல்லங்க மிஸ், பொறி அப்படிப் பறக்காது. கத்தி தொடுற இடத்துல இருந்து கல்லு சுத்துற பக்கமா நேரா போகும்" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. திசையில் நிலைமத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. விளிம்பில் ஒட்டியிருக்கும்வரை எண்ணெய்த் துளியின் திசையை ஒவ்வொரு கணமும் சக்கரம் வளைத்துக்கொண்டே இருக்கிறது. பிடி விட்டதும் வளைக்க ஆள் இல்லை. அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்ததோ அந்தத் தொடுகோட்டிலேயே போகிறது. யாரும் அதை வெளியே தள்ளவில்லை. மழைநாளில் மட்கார்டு இல்லாத சைக்கிள் முதுகில் சேறு வாரி அடிப்பதும் இதுவே. சுவரை நான் இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

அன்று பிள்ளைகளுக்கு இன்னொன்றும் செய்து காட்டினேன். இரும்புக் கைச் சக்கரத்தைக் கழற்றி, சன்னல் கம்பியிலிருந்து தையல் நூலை மூன்று இழையாக முறுக்கித் தொங்கவிட்டேன். ஒற்றை இழை தாங்கவில்லை. அடியில் அதே மூன்று இழை நூல் ஒன்றைக் கட்டி, கீழே தலையணை போட்டேன். அடி நூலை மெதுவாக, விசையைக் கூட்டிக்கொண்டே இழுத்தால் மேல் நூல் அறும். சக்கரத்தின் எடையும் நம் இழுப்பும் சேர்ந்து அதன் மேல் விழுகிறது. மறுபடி கட்டி, வெடுக்கென்று இழுத்தால் அடி நூல் அறும், சக்கரம் ஆடாமல் தொங்கும். ஒரு கிலோ இரும்பு அசைந்து மேல் நூலை நீட்டுவதற்குள் அடி நூல் போய்விடுகிறது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முறை செய்து பார்த்தார்கள். நூல்கண்டு பாதி தீர்ந்தது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அறுந்த நூல்தான் என்னை நூல்கண்டின் பக்கம் திரும்பவைத்தது. அம்மா சொல்லும் இன்னொரு குறை, புது நூல்கண்டு போட்ட அன்றெல்லாம் நூல் அதிகம் அறும் என்பது. முழுக் கண்டு கனமானது. மிஷின் வெடுக்கென்று கிளம்பும்போது கண்டு உடனே சுற்றாது. இழுபடும் நூல் அறும். நிறுத்தும்போது நேர்மாறு. மிஷின் நின்ற பிறகும் கண்டு சுற்றிக்கொண்டே இருந்து, நூல் தளர்ந்து, கண்டு மாட்டிய கம்பியின் அடியில் சுற்றிக்கொள்ளும். அடுத்த தையலில் அது இறுகி அறும். இதற்காகத்தான் கண்டின் அடியில் ஒரு வட்டக் கம்பளித் துண்டு வைத்திருப்பார்கள். கண்டு தானாக ஓடாமல் அது லேசாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் மிஷினில் அது எப்போதோ மக்கி உதிர்ந்திருந்தது. கிழிந்த கம்பளித் தொப்பியில் வட்டமாக வெட்டி வைத்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நூல் கோனைப் பார்த்திருப்பீர்கள். அது சுற்றவே சுற்றாது, நிற்கும். நூல் உச்சி வழியாக மேலே உருவிக்கொண்டு போகும். அத்தனை பெரிய கோனைச் சுற்றவைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்து, ஒரு சோதனை செய்தேன். இரட்டை மடிப்புக் காடாத் துணியை வைத்து, அம்மாவை நொடிக்கு இரண்டு மிதி வேகத்துக்கு ஓட்டச் சொல்லி, "எடும்மா" என்றதும் காலை எடுக்கச் சொன்னேன். அதன் பிறகு விழும் தையல்களை எண்ணினேன். அலுமினியச் சக்கரத்தோடு 8. இரும்போடு 13.

பிறகு அந்த ஜீன்ஸ் பேண்ட். அம்மா கைச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். மிதிப்பலகை முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. தடித்த தையல் மடிப்பு ஊசியை நெருங்கியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. கட் கட் கட் என்று ஊசி ஏறி இறங்கி மடிப்பைத் தாண்டிப் போனது. கால் ஓரத்தைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தை நெருங்கும்போது அம்மா காலை எடுத்துவிட்டார். நான் பதறினேன். சக்கரம் தானே இன்னும் நாலு தையல் போட்டு, தொடங்கிய தையலின் மேலேயே ஊசியைக் கொண்டுவந்து நிறுத்தியது. அம்மா உள்ளங்கையை விளிம்பில் லேசாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"கடைசிவரைக்கும் மிதிச்சா தாண்டிப் போயிரும் கண்ணு. கொஞ்சம் முன்னாடியே காலை எடுத்துரோணும். மிச்சத்தை அது பாத்துக்கும்" என்றார். பேண்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு காலை மடிக்க ஆரம்பித்தார்.

புது பெல்ட் ஒரு மாதத்தில் அரை அங்குலம் தொய்ந்தது. வெட்டி மறுபடி கொக்கி போட்டேன்.